செயல்பாட்டு வலிப்பு, மறதி, மூளை ஸ்கேன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃபிட்ஸ் வருகிறது, ஸ்கேனில் ஒன்றும் இல்லை, கூடவே மறதி வேறு. இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் இருப்பவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் எழுதியது இது. மூளையைப் படமெடுத்துச் செய்த ஆய்வுகள் இதைப் பற்றி என்ன சொல்கின்றன, எந்த இடத்தில் அவற்றை நம்பக் கூடாது என்பதில்தான் அதிகம் நின்றிருக்கிறேன். உங்கள் மருத்துவர் சொல்வதற்கு இது மாற்று அல்ல. குறிப்பாக, இதைப் படித்துவிட்டு வலிப்பு மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

செயல்பாட்டு வலிப்பு என்றால் என்ன?

வலிப்பு நோய் என்று நாம் பொதுவாகச் சொல்வதில், மூளையின் நரம்பணுக்கள் கூட்டமாக, கட்டுக்கடங்காமல், ஒரே நேரத்தில் மின்துடிப்புகளை வெளியிடுகின்றன. செயல்பாட்டு வலிப்பிலும் ஆள் விழுவார், கை கால் உதறும், கூப்பிட்டால் பதில் வராது. ஆனால் அந்த நேரத்தில் இ.இ.ஜி. (மூளையின் மின்துடிப்பைப் பதிவு செய்யும் சோதனை) எடுத்துப் பார்த்தால் வலிப்பு நோய்க்குரிய மின்பதிவு இருக்காது. மூளையில் காயமோ கட்டியோ இல்லை, அது வேலை செய்யும் விதத்தில்தான் கோளாறு என்பதால் இந்தப் பெயர்.

உங்கள் ரிப்போர்ட்டில் பி.என்.இ.எஸ். என்றோ, டிசோசியேட்டிவ் சீஷர் என்றோ, ஃபங்ஷனல் சீஷர் என்றோ எழுதியிருந்தால் எல்லாம் இதுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாரிஸின் சால்பெத்ரியேர் மருத்துவமனையில் நரம்பியல் மருத்துவர் ஷார்கோ இதை ஹிஸ்டீரோ-எபிலெப்சி என்று வகைப்படுத்தினார். அந்த ஹிஸ்டீரியா முத்திரை இன்னும் முழுசாகப் போகவில்லை.

எத்தனை பேருக்கு வரும்?

லட்சம் பேரில் 2 முதல் 33 பேர் வரை இருக்கலாம் என்பது 2000-இல் வெளியான ஒரு கணக்கீடு. இடைவெளி பெரிதாக இருப்பதிலிருந்தே தெரியும், இது ஒரு தோராயம்தான். நான்கில் மூவர் பெண்கள். மருந்துக்கு அடங்காத வலிப்பு என்று பெரிய வலிப்பு மையங்களுக்கு அனுப்பப்படுகிறவர்களில் ஐந்தில் ஒருவருக்காவது கடைசியில் இந்த நோயறிதல்தான் கிடைக்கிறது.

அப்படியானால் இது நடிப்புதானே?

இல்லை. வீட்டில் இந்தக் கேள்வி எழாத குடும்பம் குறைவு. சில சமயம் மருத்துவமனை ஊழியர்களே முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவதும் உண்டு. ‘சும்மா இல்லை, நிஜம்தான்’ என்று ஆறுதல் சொல்வதைவிட ஒரு பரிசோதனையைச் சொல்வது மேல்.

2010-இல் வலேரி வூனும் அவருடைய சகாக்களும் செயல்பாட்டு நடுக்கம் உள்ள 8 பேரை, மூளை வேலை செய்வதைப் படமெடுக்கும் எஃப்.எம்.ஆர்.ஐ. இயந்திரத்துக்குள் படுக்க வைத்தார்கள். ஒரு கட்டத்தில் அவர்களுடைய கை தானாக நடுங்கியது. இன்னொரு கட்டத்தில் அதே நடுக்கத்தை வேண்டுமென்றே செய்து காட்டச் சொன்னார்கள். ஆள் அதே ஆள், கை அதே கை, பார்வைக்கு அசைவும் அதே அசைவு. ஆனால் தானாக வந்த நடுக்கத்தின்போது வலது பக்கம் பொட்டெலும்பு மடலும் உச்சி மடலும் சந்திக்கும் பகுதியில் செயல்பாடு குறைந்திருந்தது. ‘இந்த அசைவை நான்தான் செய்கிறேன்’ என்ற உணர்வு உருவாவதில் பங்கு வகிக்கும் பகுதி அது. இது நடுக்கம் பற்றிய ஆய்வு, வலிப்பு பற்றியதல்ல. ஆட்களும் குறைவு. இருந்தாலும், வேண்டுமென்றே செய்வதும் தானாக வருவதும் மூளைக்குள் ஒன்றல்ல என்பதற்கு இதைவிட நேரடியான ஆதாரம் கிடைப்பது கஷ்டம்.

இ.இ.ஜி. நார்மல், எம்.ஆர்.ஐ. நார்மல். பிறகு எதை வைத்து உறுதி செய்கிறார்கள்?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். அரை மணி நேர இ.இ.ஜி. நார்மலாக வந்தால் வலிப்பு நோய் இல்லை என்று அர்த்தமில்லை. உண்மையான வலிப்பு நோய் உள்ள பலருக்கும் ஃபிட்ஸ் இல்லாத நேரத்தில் எடுத்தால் பதிவு சுத்தமாக இருக்கும். எம்.ஆர்.ஐ.யும் அப்படித்தான். எனவே ‘எல்லாம் நார்மல், ஆகவே மனசுதான் காரணம்’ என்று சொல்வது சரியான நோயறிதல் ஆகாது.

உறுதி செய்வது வீடியோ இ.இ.ஜி. தலையில் மின்முனைகளைப் பசை போட்டு ஒட்டி, மேலே துணி சுற்றி, கேமரா இருக்கும் அறையில் படுக்க வைத்துவிடுவார்கள். அப்புறம் காத்திருப்புதான். சிலருக்குச் சில மணி நேரத்தில் வந்துவிடும், சிலருக்கு நாட்கணக்கில் ஆகும். எப்போதும் வரும் அதே மாதிரி ஃபிட்ஸ் கேமராவில் பதிவாக வேண்டும், அந்த நொடிகளின் மின்பதிவும் கூடவே கிடைக்க வேண்டும். கூட இருப்பவரிடம் ‘வீட்டில் வருவது இதே மாதிரிதானா?’ என்று கேட்பது இங்கே முக்கியம். வேறு மாதிரியாக ஒன்று பதிவாகி, அதை வைத்து முடிவு கட்டிவிடக் கூடாது.

வெளித்தோற்றமும் நிறையச் சொல்லும். 2006-இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில் செயல்பாட்டு வலிப்பு உள்ள 52 பேரில் 50 பேர் ஃபிட்ஸின்போது கண்ணை மூடியிருந்தார்கள். வலிப்பு நோயாளிகள் 156 பேரில் 152 பேருக்குக் கண் திறந்தே இருந்தது. தலை இடம் வலமாக ஆடுவது, உதறல் கூடிக் குறைந்து நீண்ட நேரம் போவது, நடுவில் அழுகை வருவது ஆகியவை செயல்பாட்டு வலிப்பின் பக்கம் காட்டும். நாக்கின் ஓரம் ஆழமாகக் கடிபட்டிருந்தால் அது வலிப்பு நோயின் பக்கம். ஒற்றை அடையாளத்தை வைத்து எந்த நல்ல மருத்துவரும் தீர்ப்பு சொல்ல மாட்டார். 2013-இல் சர்வதேச வலிப்பு எதிர்ப்புச் சங்கத்தின் பணிக்குழு இதற்காகவே, நோயறிதல் எவ்வளவு உறுதியானது என்பதைக் குறிக்கும் நான்கு படிநிலைகளை வகுத்தது. மேல் படிக்குப் போக வீடியோவும் இ.இ.ஜி.யும் சேர்ந்து வேண்டும்.

அந்த வசதி பக்கத்தில் இல்லையா? செல்போனில் எடுத்த வீடியோ நீங்கள் நினைப்பதைவிடப் பயன்படும். முகம், குறிப்பாகக் கண், தெரிகிற மாதிரி தொடக்கத்திலிருந்து எடுங்கள். நல்ல வெளிச்சம் இருந்தால் இன்னும் நல்லது.

தெரிந்துகொள்ள ஏன் இத்தனை வருஷம் ஆகிறது?

முதல் ஃபிட்ஸுக்கும் சரியான நோயறிதலுக்கும் இடையே சராசரியாக 7 ஆண்டுகளுக்கு மேல் போய்விடுகிறது என்று 2002-இல் ஜெர்மனியில் செய்த ஆய்வு காட்டியது. அத்தனை வருஷமும் வலிப்பு மாத்திரை, அது போதாதென்று இன்னொன்று, மூன்றாவது.

அவசரப் பிரிவில் ஆபத்து இன்னும் அதிகம். நிற்காத வலிப்புக்கு எந்த ஊசி மருந்து சிறந்தது என்று ஒப்பிட்ட பெரிய அமெரிக்க ஆய்வு 2019-இல் வெளியானது. அதில் சேர்க்கப்பட்டவர்களில் சுமார் 10 சதவீதம் பேருக்கு இருந்தது வலிப்பு நோயே அல்ல, செயல்பாட்டு வலிப்பு என்று பின்னர் தெரிந்தது. அதாவது அவர்களுக்கும் கனமான மருந்துகள் நரம்பில் ஏறியிருக்கின்றன. அத்தகைய சிகிச்சையில் மூச்சு மந்தமாகி, குழாய் போட வேண்டிய நிலை வரலாம்.

வலிப்பு நோயும் இதுவும் ஒருவருக்கே இருக்குமா?

இருக்கும். செயல்பாட்டு வலிப்பு உள்ளவர்களில் ஏறக்குறைய 22 சதவீதம் பேருக்கு வலிப்பு நோயும் உண்டு என்று 2018-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் தெரிந்தது. மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம் என்று தொடக்கத்திலேயே சொன்னது இதனால்தான்.

மறதியும் மூளை மந்தமும் இதோடு சேர்ந்ததா?

பலருக்கு ஃபிட்ஸைவிட இதுதான் பெரிய தொல்லை. அடுப்பில் பால் வைத்தது மறந்துபோவது, வங்கியில் கையெழுத்துப் போடப் போய் எதற்கு வந்தோம் என்று நிற்பது, பேசிக்கொண்டிருக்கும்போதே சொல் கிடைக்காமல் திணறுவது, ஒரு பக்கத்தை மூன்று தரம் படித்தும் ஏறாமல் இருப்பது. ஃபிட்ஸ் வருவது மாதத்தில் சில முறை என்றால், இது தினமும்.

இந்தப் புகார்களில் பெரும்பாலானவை நினைவுக் கிடங்கு பழுதானதால் வருபவை அல்ல, கவனம் வேறெங்கோ பிடிபட்டுக் கிடப்பதால் வருபவை என்பதுதான் ஆய்வுகளைப் படித்தபின் எனக்கு நியாயமாகப் படுவது. உள்ளேயே போகாத ஒன்றைப் பிறகு எப்படி நினைவுக்குக் கொண்டுவருவது? அதை விளக்கும் ஒரு பரிசோதனை கீழே வருகிறது.

டெஸ்ட் வைத்தால் குறைபாடு தெரிகிறதா?

தெரிகிறது, ஆனால் சிக்கலோடு. நரம்பியல் உளவியல் தேர்வுகளில் செயல்பாட்டு வலிப்பு உள்ளவர்கள் ஆரோக்கியமானவர்களைவிடச் சராசரியில் குறைவாகவே செய்கிறார்கள். பல ஆய்வுகளில் வலிப்பு நோயாளிகளுக்குச் சமமாக வருகிறார்கள். தங்கள் நினைவாற்றல் எவ்வளவு மோசம் என்று அவர்கள் தருகிற மதிப்பீடு, தேர்வில் எடுக்கும் மதிப்பெண்ணைவிட மனச்சோர்வின் அளவோடுதான் அதிகம் ஒத்துப்போகிறது.

2006-இல் டிரேன் என்பவரும் சகாக்களும் ஒரு விஷயத்தைக் கிளப்பினார்கள். தேர்வில் ஒருவர் முழு முயற்சி போடுகிறாரா என்று சோதிக்கும் துணைத் தேர்வில், செயல்பாட்டு வலிப்பு உள்ளவர்களில் பாதிப் பேர் தேறவில்லை. வலிப்பு நோயாளிகளில் தேறாதவர்கள் 8 சதவீதம் மட்டுமே. தேறியவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால், செயல்பாட்டு வலிப்புக் குழு வலிப்பு நோய்க் குழுவைவிட நன்றாகவே செய்தது.

உடனே ‘பார்த்தீர்களா, வேண்டுமென்றே தப்பாக எழுதுகிறார்கள்’ என்று சொல்லிவிடலாம். நான் அப்படிப் படிக்கவில்லை. இந்தத் துணைத் தேர்வில் தேறாதவர்கள் மற்ற பல நோய்களிலும் கணிசமாக இருக்கிறார்கள் என்று 2020-இல் எடின்பரோ குழு தொகுத்துக் காட்டியது. வலி, தூக்கமின்மை, பதற்றம், கவனம் சிதறுவது எல்லாம் அந்த மதிப்பெண்ணை இழுத்துவிடும். அந்த மதிப்பெண் சொல்வது ஒன்றுதான்: அன்றைய தேர்வு முடிவை வைத்து மூளையின் முழுத் திறனை எடைபோட முடியாது.

நீங்கள் சொன்ன அந்தப் பரிசோதனை எது?

நெதர்லாந்தில் பாக்விஸ் என்ற ஆய்வாளரும் சகாக்களும் செய்தது, 2010-இல் வெளியானது. செயல்பாட்டு வலிப்பு உள்ள 19 பேர், ஆரோக்கியமானவர்கள் 20 பேர். நோயாளிகள் யாரும் மருந்து எடுத்துக்கொள்ளவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்தத் துறையில் அது அபூர்வம்.

அவர்களுக்குக் கொடுத்தது என்-பேக் என்ற வேலை. தமிழில் வைத்துப் பாருங்கள். திரையில் ஒவ்வொன்றாக எழுத்து வரும்: ம, ப, ம, க, த, க. இப்போது தெரிகிற எழுத்து, இரண்டு எழுத்துக்கு முன்னால் வந்ததேதான் என்றால் பொத்தானை அழுத்த வேண்டும். மூன்றாவதாக ‘ம’ வரும்போது ஒரு அழுத்து, கடைசி ‘க’வுக்கு ஒரு அழுத்து. புது எழுத்து வர வரப் பழையதைத் தள்ளி, நடுவில் உள்ளதைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டு நிமிஷம் செய்தால் யாருக்கும் களைப்பு வந்துவிடும்.

வெறும் எழுத்துகளோடு செய்தபோது இரண்டு குழுவும் சமம். அதாவது நினைவில் வைத்திருக்கும் அடிப்படைத் திறன் பழுதாகவில்லை. கவனத்தைக் கலைக்க மனித முகங்களையும் சேர்த்துக் காட்டியதும் நோயாளிகள் பின்தங்கினார்கள். பிறகு எல்லோருடைய கையையும் ஐஸ் தண்ணீரில் வைக்கச் சொல்லி உடலுக்கு அழுத்தம் கொடுத்தார்கள். அதன்பின் முகங்கள் இல்லாத வெறும் எழுத்து வேலையிலும் நோயாளிகள் சறுக்கினார்கள். உடலில் கார்ட்டிசால் என்ற அழுத்த ஹார்மோன் அதிகம் ஏறியவர்களுக்குச் சறுக்கலும் அதிகம்.

‘வீட்டில் நல்லாத்தான் இருக்கிறா, நாலு பேர் வந்துட்டா ஒண்ணும் ஓட மாட்டேங்குது’ என்று குடும்பத்தார் சொல்வதை இதோடு சேர்த்துப் பாருங்கள்.

மறதிக்கு மாத்திரை காரணமாக இருக்குமா?

இருக்கலாம். டோபிரமேட் சொல் கிடைக்காமல் திணற வைப்பது நன்கு தெரிந்த பக்கவிளைவு. ஃபீனோபார்பிடோன் மந்தமாக்கும். இரண்டு மூன்று மருந்து சேர்ந்தால் இன்னும் கூடும். தூக்கக் குறைவும் மனச்சோர்வும் தம் பங்குக்கு இழுக்கும். வலிப்பு நோய் இல்லை என்று உறுதியான பின் மருத்துவர் மாத்திரையைப் படிப்படியாகக் குறைக்கும்போது பலருக்குத் தலை தெளிகிறது.

இது டிமென்ஷியாவில் போய் முடியுமா?

செயல்பாட்டு வலிப்பு தானாக டிமென்ஷியாவாக மாறும் என்பதற்கு ஆதாரம் இல்லை. நினைவாற்றல் கிளினிக்குகளுக்கு வருகிறவர்களில் சுமார் 24 சதவீதம் பேருக்கு மூளை சிதையும் நோய் எதுவும் இல்லாமல், செயல்பாட்டு ரீதியான நினைவுக் கோளாறு மட்டும் இருக்கிறது என்று 2020-இல் ஒரு தொகுப்பாய்வு காட்டியது. தன் மறதியைத் தேதி, இடம், சூழ்நிலையோடு விலாவாரியாக ஒருவர் சொல்ல முடிகிறது என்பதே பெரும்பாலும் நல்ல அறிகுறி. அறுபதைத் தாண்டியவருக்கு மறதி மாதத்துக்கு மாதம் கூடிக்கொண்டே போனால், வழி தப்பினால், அதைத் தனியாகப் பரிசோதிக்க வேண்டும்.

சாதாரண எம்.ஆர்.ஐ.க்கும் ஆய்வில் எடுக்கும் ஸ்கேனுக்கும் என்ன வித்தியாசம்?

மருத்துவர் எழுதிக்கொடுக்கும் எம்.ஆர்.ஐ. உருவத்தைப் பார்ப்பது. கட்டி, தழும்பு, பக்கவாதம், நினைவோடு தொடர்புள்ள ஹிப்போகாம்பஸ் பகுதியில் சுருக்கம் இருக்கிறதா என்று தேடும். ஆய்வாளர்கள் அதே மாதிரிப் படத்திலிருந்து மூளையின் மேலடுக்கான புறணியின் தடிமனை மில்லிமீட்டரின் பின்னத்தில் கணினியால் அளப்பார்கள். அதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

எஃப்.எம்.ஆர்.ஐ. செயல்பாட்டைப் பார்ப்பது. ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு மாறும்போது காந்தச் சமிக்ஞை மாறுவதை 1990-இல் செய்ஜி ஒகாவா காட்டினார், அதிலிருந்து வந்தது. நரம்பணு வேலை செய்த பிறகு ரத்த ஓட்டம் உச்சத்தை எட்ட 5, 6 நொடி ஆகும். ஆக இது மூளை மின்சாரத்தின் நேரடிப் பதிவு அல்ல. சும்மா படுத்திருக்கும்போதே எந்தெந்தப் பகுதிகள் ஒன்றோடொன்று சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்று பார்க்கும் முறையும் உண்டு. 1995-இல் பரத் பிஸ்வால் தொடங்கிவைத்த வழி அது. செயல்பாட்டு வலிப்பு ஆய்வுகளில் இதுதான் அதிகம், ஏனென்றால் நோயாளி எதுவும் செய்யத் தேவையில்லை. பி.ஈ.டி. ஸ்கேன் குளுக்கோஸ் எங்கே எவ்வளவு செலவாகிறது என்று காட்டும்.

ஃபிட்ஸ் வரும்போது எம்.ஆர்.ஐ. எடுக்க முடியாது, தலை ஆடினால் படம் கலைந்துவிடும். எனவே கிட்டத்தட்ட எல்லா ஆய்வும் இரண்டு ஃபிட்ஸுக்கு நடுவில் இருக்கிற மூளையைப் பற்றியதுதான். செய்திகளில் இதைச் சொல்லவே மாட்டார்கள்.

சரி, என்னதான் கண்டுபிடித்தார்கள்?

எனக்கு முக்கியமாகப் படுகிற சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

2012-இல் நெதர்லாந்தின் வான் டெர் கிரெய்ஸ் குழு 11 நோயாளிகளையும் 12 ஆரோக்கியமானவர்களையும் ஒப்பிட்டது. நோயாளிகளுக்கு, உணர்ச்சியோடு தொடர்புள்ள இன்சுலாவுக்கும் உடல் அசைவோடு தொடர்புள்ள பகுதிக்கும் இடையே இணைப்பு வழக்கத்தைவிட வலுவாக இருந்தது. தன்னிலிருந்து விலகிப்போன மாதிரியான உணர்வு யாருக்கு அதிகமோ அவருக்கு இந்த இணைப்பும் அதிகம். கட்டுப்படுத்தும் பகுதிகளைத் தாண்டி உணர்ச்சி நேராக அசைவில் போய் இறங்குகிறதோ என்று அவர்கள் ஊகித்தார்கள். இந்தத் துறையில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் ஆய்வு இது. அந்த 11 என்ற எண்ணையும் கூடவே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதே ஆண்டில் இத்தாலியில் லபாத்தே குழு 20 நோயாளிகளையும் 40 ஆரோக்கியமானவர்களையும் ஒப்பிட்டு, அசைவைத் திட்டமிடும் வலதுபக்கப் புறணி மெலிந்திருப்பதையும் சிறுமூளையில் கன அளவு குறைந்திருப்பதையும் சொன்னது. 2015-இல் பிரான்சில் ஆர்த்துயிஸ் குழு 16 நோயாளிகளுக்கு பி.ஈ.டி. எடுத்தது. வலது உச்சி மடலின் கீழ்ப்பகுதியிலும், இருபக்கமும் முன் சிங்குலேட் பகுதியிலும் குளுக்கோஸ் செலவு குறைந்திருந்தது. முதலாவது தன் உடல் பற்றிய உணர்வோடும், இரண்டாவது உணர்ச்சியை முறைப்படுத்துவதோடும் தொடர்புள்ளவை.

அமெரிக்காவில் பர்மிங்காமிலுள்ள அலபாமா பல்கலைக்கழகக் குழு நோயாளிகளை ஸ்கேனருக்குள்ளேயே அழுத்தத்துக்கு உள்ளாக்கிப் பார்த்தது. பயன்படுத்தியது மாண்ட்ரியல் அழுத்தச் சோதனை. அது கொஞ்சம் கொடுமையானதுதான். குழாய்க்குள் மல்லாந்து படுத்திருக்கிறீர்கள், காதைப் பிளக்கும் தட்டல் சத்தம், மனக்கணக்கு வருகிறது. நேரம் போதாது, நன்றாகச் செய்யவில்லை என்று சொல்லிக்கொண்டே இருப்பார்கள். நீங்கள் தோற்க வேண்டும் என்றே அமைத்த வேலை. அந்த நேரத்தில் நோயாளிகளின் மூளை காட்டிய மறுமொழி ஆரோக்கியமானவர்களுடையதிலிருந்து வேறுபட்டது என்று 2019-இல் வெளியிட்டார்கள்.

உணர்ச்சி, கவனம், அசைவு, ‘நான்தான் செய்கிறேன்’ என்ற உணர்வு ஆகிய நான்கையும் கவனிக்கும் வலையமைப்புகள் மறுபடி மறுபடி தென்படுகின்றன. மறதியும் ஃபிட்ஸும் ஒருவருக்கே ஏன் சேர்ந்து வருகின்றன என்பதற்கு ஒரு நியாயமான விளக்கம் இதில் இருக்கிறது. ஆபத்தை எதிர்பார்த்தே விழித்திருக்கும் மூளைக்கு எழுத்தை நினைவில் பிடிக்கக் கவனம் மிஞ்சாது. அதே வலையமைப்பு வரம்பு மீறும்போது உடம்பு பிடி நழுவிப் போகிறது. விளக்கம்தான் இது, இன்னும் நிரூபணம் ஆகவில்லை.

வன்பொருள் சரி, மென்பொருளில்தான் கோளாறு என்று டாக்டர் சொன்னார். அது சரியான உவமையா?

முதல் நாள் புரிய வைக்க உதவும். ஆனால் புறணித் தடிமனும் குளுக்கோஸ் செலவும் மாறியிருக்கிறது என்று மேலே பார்த்தோமே, அங்கே இந்த உவமை கொஞ்சம் ஆட்டம் காண்கிறது. மூளையில் ஓடும் நிரல் தனி, ஓடும் இடம் தனி என்று பிரிக்க முடியாது. மருத்துவரிடம் போய் வாதாட வேண்டாம், அவர் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்.

இந்த மாற்றங்கள் நோய்க்குக் காரணமா, நோயின் விளைவா?

ஒரே நேரத்தில் எடுத்த படத்தை வைத்து இதைச் சொல்ல முடியாது. பல வருஷம் ஃபிட்ஸோடு வாழ்ந்தது, மாத்திரைகள், மனச்சோர்வு, எப்போதோ தலையில் பட்ட அடி, குழந்தைப் பருவத்தில் பட்ட கொடுமை, எல்லாமே மூளைப் படத்தில் தடம் விடக்கூடியவை. செயல்பாட்டு வலிப்பு உள்ளவர்களிடம் இவை எல்லாமே அதிகம். சிகிச்சைக்கு முன்னும் பின்னும் அதே ஆட்களைப் படமெடுத்துப் பார்த்தால்தான் ஓரளவு விடை கிடைக்கும்.

இந்தப் படங்களை எவ்வளவு நம்பலாம்?

2009-இல் கிரெய்க் பென்னட் என்ற ஆய்வாளர் செத்த சால்மன் மீன் ஒன்றை எஃப்.எம்.ஆர்.ஐ.க்குள் வைத்து, அதற்கு மனிதர்களின் புகைப்படங்களைக் காட்டினார். புள்ளியியல் திருத்தம் செய்யாமல் பார்த்தபோது மீனின் மூளையில் ‘செயல்பாடு’ தெரிந்தது! பல்லாயிரம் புள்ளிகளை ஒரே நேரத்தில் சோதித்தால் சில தற்செயலாக ஒளிரத்தான் செய்யும் என்பதைக் காட்டவே அதைச் செய்தார். 2012-இல் இதற்கு, சிரிக்க வைத்துச் சிந்திக்க வைக்கும் ஆய்வுகளுக்குத் தரப்படும் இக் நோபல் பரிசைக் கொடுத்தார்கள். 2022-இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு இன்னும் கடுமையாகச் சொன்னது: மனிதர்களுக்கிடையே உள்ள நடத்தை வேறுபாட்டை மூளைப் படத்தோடு நம்பகமாக இணைக்க ஆயிரக்கணக்கானவர்கள் தேவை. செயல்பாட்டு வலிப்பு ஆய்வுகளில் இருப்பதோ 11, 16, 20 பேர்.

அதற்காக எல்லாவற்றையும் தூக்கிப் போட வேண்டாம். வெவ்வேறு நாட்டில், வெவ்வேறு இயந்திரத்தில், வெவ்வேறு முறையில் செய்தும் ஏறக்குறைய ஒரே பகுதிகள் திரும்ப வந்தால் அதற்கு எடை உண்டு. தனியான ஒரு வண்ணப் படத்துக்கு இல்லை.

நான் ஓர் எஃப்.எம்.ஆர்.ஐ. எடுத்துக்கொண்டால் தெரிந்துவிடுமா?

தெரியாது. இரண்டு குழுக்களின் சராசரி வேறுபடுகிறது என்பதுதான் ஆய்வு சொல்வது. தனி ஒருவருடைய படத்தைப் பார்த்து ‘இவருக்கு இருக்கிறது’ என்று சொல்லும் அளவுக்கு யாரும் வரவில்லை. இதற்காக யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். அந்தக் காசை வீடியோ இ.இ.ஜி.க்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மனதில் பெரிய அடி எதுவும் பட்டதில்லை என்றாலும் வருமா?

வரும். பலருக்கு அப்படி ஒரு சம்பவம் உண்டு, எல்லோருக்கும் இல்லை. இல்லாத ஒன்றைத் தோண்டித் தோண்டிக் கேட்பது எரிச்சலைத்தான் தரும். மயக்கம், தலையில் அடி, அறுவை சிகிச்சை போன்றவற்றுக்குப் பிறகு தொடங்குவதும் உண்டு.

சிகிச்சையில் குணமாகுமா?

பலருக்குக் குறைகிறது, சிலருக்கு நின்றே போகிறது. நோய் இன்னதென்று பொறுமையாக விளக்கியதாலேயே ஃபிட்ஸ் குறைந்தவர்கள் உண்டு. அதற்கு மேல், சிந்தனை நடத்தை சிகிச்சை எனப்படும் சி.பி.டி.

பிரிட்டனில் 368 பேரைக் கொண்டு நடந்த கோட்ஸ் ஆய்வு 2020-இல் வெளியானது. 12 மாதம் கழித்து சி.பி.டி. பெற்றவர்களுக்கு மாதத்துக்கு இடைநிலை அளவாக (மீடியன்) 4 ஃபிட்ஸ், வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களுக்கு 7. கேட்க நல்ல வித்தியாசம் மாதிரி இருக்கிறது, ஆனால் புள்ளியியல் ரீதியில் அது உறுதியாகவில்லை. அதேசமயம் ஃபிட்ஸ் இல்லாமல் தொடர்ந்து கழித்த நாட்கள், வாழ்க்கைத் தரம், அன்றாட வேலை ஆகியவற்றில் சி.பி.டி. குழு மேலே இருந்தது. வேலைக்குத் திரும்புவதும் பஸ்ஸில் தனியாகப் போவதும் ஃபிட்ஸ் எண்ணிக்கைக்குச் சளைத்ததா என்ன?

குழந்தைகள், வளரிளம் பருவத்தினருக்கான செய்தி இன்னும் நம்பிக்கையானது. அமெரிக்காவின் பர்மிங்காமில் ஆரன் ஃபோபியன் உருவாக்கிய ரியாக்ட் என்ற பயிற்சி முறையைச் சோதித்த 2020 ஆய்வில், அதை முடித்தவர்கள் எல்லோருக்கும் அடுத்த 7 நாள் ஃபிட்ஸ் வரவில்லை. 60 நாள் வரை 82 சதவீதம் பேருக்கு வரவில்லை. சிறிய ஆய்வுதான்.

மறதிக்கென்று தனியாக நிரூபணமான சிகிச்சை இன்னும் கையில் இல்லை. தூக்கத்தைச் சீராக்குவது, மனச்சோர்வுக்கு மருத்துவம் பார்ப்பது, தேவையில்லாத மாத்திரையை மருத்துவர் துணையோடு குறைப்பது, இவை மூன்றும்தான் இப்போதைக்கு வழி.

ஃபிட்ஸ் வந்தால் வீட்டில் என்ன செய்வது?

பக்கத்தில் கூர்மையான, சூடான பொருள் இருந்தால் நகர்த்துங்கள். தலைக்கு அடியில் மடித்த துணி வையுங்கள். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கையில் சாவியோ இரும்போ திணிப்பதால் எந்த வகை ஃபிட்ஸும் நிற்காது. வாயில் எதையும் வைக்கவே கூடாது. கூட்டத்தை விலக்குங்கள். நடிக்கிறாரா என்று பார்க்கக் கிள்ளுவது, நெஞ்செலும்பில் குத்துவது எல்லாம் வேண்டாம். பலருக்கு அந்த நேரத்தில் காது கேட்கும், நீங்கள் சொன்னது பிறகு நினைவிருக்கும்.

எந்த வகை என்று இன்னும் உறுதியாகவில்லை என்றால் 5 நிமிஷத்துக்கு மேல் போனதும் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். செயல்பாட்டு வலிப்பு என்று உறுதியானவருக்கு, எப்போது மருத்துவமனை, எப்போது காத்திருக்கலாம் என்று மருத்துவரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கி, பையில் ஒன்றும் செல்போனில் ஒன்றுமாக வைத்துக்கொள்ளுங்கள். அடிபட்டாலோ, மூச்சு சரியில்லை என்றாலோ, வழக்கத்துக்கு மாறாக இருந்தாலோ எந்தக் காகிதத்தையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், கிளம்பிவிடுங்கள்.

ஸ்கேன் ஆய்வு ஒன்றில் சேரக் கேட்டிருக்கிறார்கள். சேரலாமா?

உடம்பில் பேஸ்மேக்கர், காக்ளியர் இம்ப்ளாண்ட், பழைய அறுவை சிகிச்சையின் உலோகக் கிளிப் ஏதேனும் இருந்தால் முதலில் சொல்லிவிடுங்கள். குறுகிய இடத்தில் பயம் உள்ளவர் அதையும் சொல்ல வேண்டும். எம்.ஆர்.ஐ.யில் எக்ஸ்-ரே கதிர்வீச்சு இல்லை, பி.ஈ.டி.யில் சிறிதளவு உண்டு. உள்ளே இருக்கும்போது ஃபிட்ஸ் வந்தால் என்ன ஏற்பாடு, யார் பக்கத்தில் இருப்பார்கள், கையில் கொடுக்கும் அழைப்புப் பந்தை அழுத்தினால் எத்தனை நொடியில் வெளியே எடுப்பார்கள் என்று கேளுங்கள். அழுத்தச் சோதனை உண்டா என்றும் கேளுங்கள். எதில் உங்களைத் தோற்கடிப்பார்கள் என்று முன்னமே சொல்லிவிட்டால் சோதனை பலிக்காது என்பதால் எல்லாவற்றையும் சொல்ல மாட்டார்கள். ஆனால் முடிந்ததும் உட்கார வைத்து விளக்குவது அவர்கள் கடமை. நடுவில் பிடிக்கவில்லை என்றால் விலகலாம், அதனால் உங்கள் வழக்கமான சிகிச்சை பாதிக்கக் கூடாது. இது ஒப்புதல் படிவத்திலேயே இருக்க வேண்டும்.

உங்கள் தனிப்பட்ட முடிவு என்று பெரும்பாலும் எதுவும் கையில் கிடைக்காது, காரணம் மேலே சொன்னதுதான். தற்செயலாகக் கட்டி மாதிரி ஏதாவது கண்ணில் பட்டால் சொல்வார்களா, யார் சொல்வார்கள் என்பதைக் கையெழுத்துப் போடும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.